மூக்கும் மார்பும்

வடசென்னையில் பழைய ஜெயில் ரோட்டுப் பக்கம் போய், "ஸ்டான்லி ஆஸ்பத்திரி எங்கே?" என்று ஒரு வயோதிகரைக் கேட்டால், "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரியா?" என்று அவர் நம்மைத் திருப்பிக் கேட்பார். இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு யுத்தமும் ஒரு பஞ்சமும் இருக்கின்றன. 1780-ஆம் வருஷம் ஹைதர் அலியின் படை மைசூர் மேட்டிலிருந்து கர்நாடகச் சீமைக்குள் இறங்கிற்று. வயல்கள் தீய்ந்தன, கிராமத்து ஜனங்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு சென்னைப் பட்டணத்தை நோக்கி ஓடி வந்தார்கள். 1782-இல் அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஏற்பட்டதுதான் மணியக்காரர் சத்திரம். கஞ்சி குடிக்க வந்தவர்களில் பாதிப்பேர் நோயாளிகள். ஆகவே கஞ்சியோடு மருந்தும் கொடுக்க வேண்டியதாயிற்று. சத்திரம் மெள்ள மெள்ள ஆஸ்பத்திரியாக வளர்ந்து, இருபதாம் நூற்றாண்டில் கவர்னர் ஸ்டான்லியின் பெயரைச் சூட்டிக்கொண்டது. கவர்னர் போய்விட்டார். கஞ்சித் தொட்டி மட்டும் ஜனங்களின் நாக்கில் இன்னும் இருக்கிறது.

அந்த ஆஸ்பத்திரியின் பெயர் 2018 பிப்ரவரியில் திடீரென்று உலகப் பத்திரிகைகளில் அடிபட்டது. அப்போது சுகாதார மந்திரியாக இருந்த சி. விஜயபாஸ்கர், பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவில் ஒரு புதுச் சிகிச்சைப் பகுதியைத் தொடங்கி வைத்தார். மார்பகத்தைச் சீர்செய்யவும், வேண்டியவர்களுக்குப் பெரிதாக்கவும், ஏழைகளுக்கு அங்கே காசு வாங்காமல் ரண சிகிச்சை செய்வார்கள் என்பது சேதி. லண்டனிலும் நியூயார்க்கிலும் இதைத் தலைப்புப் போட்டு எழுதினார்கள். இங்கே சிலர் முகம் சுளித்தார்கள். காய்ச்சலுக்கு மாத்திரை இல்லை, பிரசவத்துக்குக் கட்டில் இல்லை, சர்க்கார் செலவில் சிங்காரமா என்று கேட்டார்கள். வேறு சிலர் வாய்விட்டுச் சிரித்தார்கள். சிரித்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கட்டில் இல்லை என்றவர்கள் சொன்னது நியாயமான கேள்வி. அதற்குக் கணக்குப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியது சர்க்கார். சிரித்தவர்களைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

தமிழ் இலக்கியத்தில் மார்பகத்தை வைத்து எழுந்த ஆவேசம் கொஞ்சமல்ல. கண்ணகி இடது மார்பைத் திருகி எறிந்தாள், மதுரை எரிந்தது. நற்றிணையில் திருமாவுண்ணி என்ற ஒருத்தி வருகிறாள்; அவளும் ஒரு முலை இழந்தவள். புறநானூற்றில் ஒரு கிழவி, மகன் போரில் புறமுதுகு காட்டினான் என்று கேட்டு, அது உண்மையானால் அவனுக்குப் பால் கொடுத்த மார்பை அறுத்துவிடுவேன் என்று வாளும் கையுமாகப் போர்க்களத்துக்குப் போகிறாள். மதுரைத் தடாதகைக்கோ மூன்று. சொக்கநாதரைக் கண்டதும் ஒன்று மறைந்தது. இப்படி அறுப்பதும் எறிவதும் மறைவதுமாக எத்தனையோ கதைகள். போனதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துத் தைத்த கதையை, நான் படித்த வரையில், எந்தப் புலவரும் பாடவில்லை. அந்தக் கதை வேறு இடத்தில் நடந்தது. அது மார்பில் ஆரம்பிக்கவில்லை, மூக்கில் ஆரம்பித்தது.

என் தங்கை பெண் ஒருத்தி ஓசூருக்குப் பக்கத்தில் மூக்கண்டப்பள்ளியில் குடியிருக்கிறாள். ஊர்ப் பெயருக்கும் நான் சொல்லப்போகும் மூக்குக்கும் முடிச்சுப் போடுவது என் உத்தேசமல்ல. ஆனால் அந்த வட்டாரத்துக்கும் மூக்கறுத்த யுத்தங்களுக்கும் சம்பந்தம் உண்டு. இன்று அங்கே போனால் சிப்காட் தொழிற்சாலைகளின் மதில் சுவர், ஷிப்டு முடிந்து இறங்கும் கம்பெனி பஸ்கள், வாடகைக்கு விட்ட வரிசை வீடுகள், ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்த பேச்சு. கொஞ்ச தூரம் போனால் ஜூஜூவாடி, அதைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடக எல்லை. இருநூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே வழியாகத்தான் கும்பினிப் பட்டாளத்தின் தானிய மூட்டைகள் மாட்டு முதுகில் ஏறி மைசூருக்குப் போயின.

மைசூர்ப் படைகளுக்கு மூக்கறுப்பது பழைய வழக்கம். 1656 வாக்கில் திருமலை நாயக்கர் நாட்டின் மேல் வந்த கண்டீரவ நரசராஜனின் சிப்பாய்கள் அகப்பட்டவர்களின் மூக்கை மேல் உதட்டோடு சேர்த்து அறுத்து மூட்டை கட்டி அனுப்பினார்கள். மதுரைக்காரர்கள் பதிலுக்கு அதையே செய்தார்கள். சரித்திரத்தில் அதற்கு மூக்கறுப்புப் போர் என்றே பெயர்.

திப்பு சுல்தான் காலத்தில் இதற்கு ஒரு யுத்த தந்திரமும் சேர்ந்துகொண்டது. காரன்வாலிஸ் பிரபுவின் படை பீரங்கியால் மட்டும் நடக்கவில்லை; மாடுகளால் நடந்தது. 1791 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்து வாசல் வரை போனவர், மாடுகள் செத்து விழுந்ததால் பெரிய பீரங்கிகளைத் தாமே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டி வந்தது. அந்த ஜூலையில் ஓசூரும் ராயக்கோட்டையும் அவர் கைக்கு வந்தன. சாமான் போகும் வழி திறந்தது. வழியை அடைப்பதற்குத் திப்புவின் குதிரைக்காரர்கள் மாட்டுக்காரர்களைப் பிடித்தார்கள். துப்பாக்கி பிடித்த சோல்ஜருக்கு யுத்தக் கைதி என்ற மரியாதையாவது உண்டு. மாடு ஓட்டிக் கூலி வாங்கியவனுக்கு அது கிடையாது.

அப்படி அகப்பட்ட ஒருவன் பெயர் கவாஸ்ஜி. மராட்டிய நாட்டான். மூக்கும் ஒரு கையும் போயின. ஒரு வருஷம் மூக்கில்லாமல் திரிந்தபின், பூனாவுக்கு அருகில் ஒருவன் அவனுக்குப் புது மூக்கு வைத்தான். வைத்தவன் வைத்தியப் பரம்பரை கூட இல்லை. செங்கல் அறுக்கும் ஜாதியைச் சேர்ந்தவன் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பம்பாய் ராஜதானியைச் சேர்ந்த இரண்டு இங்கிலீஷ் டாக்டர்கள் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். ஜேம்ஸ் வேல்ஸ் என்ற சித்திரக்காரர் கவாஸ்ஜியின் முகத்தை எழுதினார். 1794 அக்டோபரில் லண்டனில் 'ஜென்டில்மன்ஸ் மாகஸின்' என்ற பத்திரிகையில் படத்தோடு அந்த விவரம் வந்தது.

விவரத்தைக் கேளுங்கள். மெழுகில் ஒரு மூக்குப் பிடித்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு போடுகிறான். கோட்டின் வழியே தோலைக் கீறி எடுக்கிறான். ஆனால் முழுவதும் எடுக்கவில்லை. இரு கண்களுக்கும் நடுவே ஒரு துண்டு அறுக்காமல் விட்டு, அதையே காம்பாகக் கொண்டு தோலைக் கீழே திருப்பி, பழைய மூக்கின் தழும்பை ரணமாக்கி அதில் பொருத்துகிறான். தையல் கிடையாது. காசுக்கட்டியை நீரில் குழைத்துத் துணிக் கீற்றில் தடவி மேலே ஒட்டுகிறான். ஆம், நாம் வெற்றிலையோடு போடும் அதே காசுக்கட்டிதான். நாலு நாள் கழித்து நெய்யில் தோய்த்த துணி. சுமார் இருபத்தைந்தாம் நாள், புது மூக்கு கீழே வேர் பிடித்த பிறகு, மேலே இருந்த காம்பை அறுத்து விடுகிறான்.

ரகசியம் முழுவதும் அந்தக் காம்பில் இருந்தது. சதையைத் தனியாகப் பிய்த்து எடுத்தால் அழுகிப் போகும். ரத்தம் ஓடும் ஒரு நரம்பாவது பழைய இடத்தோடு இருந்தால் பிழைக்கும். நாற்றங்கால் பிடுங்கி நடுகிறவர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. கன்னத்துத் தோலைத் திருப்பி மூக்கு வைப்பதையும் அறுந்த காதை ஒட்டுவதையும் சுசுருத சம்ஹிதை எப்போதோ எழுதி வைத்திருக்கிறது. அது ஏட்டில் கிடக்க, வித்தை செங்கல் சூளைக்காரன் கையில் உயிரோடு இருந்தது. பத்திரிகையைப் படித்த லண்டன் டாக்டர் கார்ப்யூ, வருஷக்கணக்காகப் பிரேதங்களில் பழகிப் பார்த்து, 1814-இல் ஒரு பட்டாளத்து ஆபீசருக்கு இதே முறையில் மூக்கு வைத்தார். 1818-இல் ஜெர்மனியில் கிரேப் என்பவர் இதைப் பற்றிப் புஸ்தகம் எழுதி 'பிளாஸ்டிக்' என்ற சொல்லை இந்த வைத்தியத்தோடு ஒட்ட வைத்தார். கிரேக்கத்தில் அதற்கு உருவம் பிடிப்பது என்று பொருள். பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் உடம்புக்குள் பிளாஸ்டிக் வைத்துத் தைப்பார்கள் என்று மூக்கண்டப்பள்ளியில் ஒரு மாமி என்னிடம் சாதித்தாள். அவள் பிள்ளை பிளாஸ்டிக் வாளி செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

மார்பகத்தின் கதை இதற்கு நூறு வருஷம் பிந்தியது. 1882-இல் அமெரிக்காவில் ஹால்ஸ்டட் என்ற சர்ஜன், புற்றுநோய் கண்ட மார்பைத் தசையோடும் அக்குளின் நெறிக்கட்டிகளோடும் சேர்த்துத் துடைத்து எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். பலர் பிழைத்தார்கள். ஆனால் பிழைத்தவளின் நெஞ்சில் விலா எலும்பின் மேல் ஒட்டிய தோல்தான் மிச்சம். அங்கே வேறு சதையைக் கொண்டுவந்து மூடுவதை அவர் விரும்பவில்லை. அடியில் நோய் மறுபடி முளைத்தால் கண்ணில் படாதே என்ற பயம். அந்தப் பயம் முக்கால் நூற்றாண்டு நீடித்தது. அவ்வளவும் எடுக்க வேண்டியதில்லை, கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் வைத்தியம் செய்தாலும் பலருக்கு ஆயுள் குறைவதில்லை என்று சோதனை செய்து காட்டியது 1985-இல்தான்.

இடையில் 1895-இல் ஹைடல்பர்க் நகரத்தில் செர்னி என்ற சர்ஜன் ஒரு பாடகிக்கு மார்பிலிருந்த கட்டியை எடுத்தார். பாடகி மேடையில் நிற்க வேண்டியவள். ஒரு பக்கம் குழிந்திருந்தால் நன்றாயிராது. அவள் இடுப்புப் பக்கத்தில் ஒரு கொழுப்புக் கட்டி இருந்தது. டாக்டர் அதை எடுத்து இந்தக் குழியில் வைத்துவிட்டார். மார்பகத்தை நிரப்பிய முதல் ரண சிகிச்சை என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

அப்புறம் ஆசை வளர்ந்தது, பொறுமை வளரவில்லை. வியன்னாவில் கெர்சுனி என்பவர் பாரபின் மெழுகை உருக்கி ஊசியால் ஏற்றும் முறையைக் கண்டார். மெழுகு சொன்ன இடத்தில் இருக்குமா? உடம்புக்குள் நகர்ந்தது, கட்டி கட்டியாக உறைந்தது, புண்ணாயிற்று, ரத்தக் குழாயில் நுழைந்து ஆளையே முடித்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் ஜப்பானில் திரவ சிலிகோனை நேரே ஊசி போட்டார்கள். அதுவும் மெழுகின் வழியிலேயே போயிற்று. நடுவில் கடற்பஞ்சு மாதிரி ரசாயனப் பஞ்சுகளை வெட்டி வைத்தார்கள். அவை இறுகிக் கல்லாயின.

1962-ஆம் வருஷம் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்துத் தர்ம ஆஸ்பத்திரி ஒன்றுக்கு டிம்மி ஜீன் லிண்ட்ஸி என்ற ஸ்திரீ வந்தாள். ஆறு குழந்தைகளுக்குத் தாய். மார்பில் குத்திக்கொண்ட ரோஜாப் பச்சையை அழிக்க வேண்டும் என்பது அவள் கோரிக்கை. அங்கே கெரோ, க்ரோனின் என்று இரண்டு டாக்டர்கள். கண்ணாடிக் குப்பிக்குப் பதிலாக அப்போதுதான் பிளாஸ்டிக் பையில் ரத்தம் வர ஆரம்பித்திருந்தது. அந்தப் பையைக் கையில் அழுத்திப் பார்த்த கெரோவுக்கு ஒரு யோசனை தோன்றியது. சிலிகோன் பைக்குள் சிலிகோன் கூழ். முதலில் ஒரு பெண் நாய்க்கு வைத்துப் பார்த்தார்கள். அதன் பெயர் எஸ்மரால்டா. அடுத்தது டிம்மி ஜீன். அவள் மார்பைப் பற்றி நினைத்ததே இல்லை; விடைத்துக்கொண்டிருந்த காதுகளைத்தான் சரி செய்துகொள்ள ஆசைப்பட்டாள். காதையும் சேர்த்துச் செய்து தருகிறோம் என்றார்கள், சம்மதித்தாள்.

இதைப் படித்தபோது எனக்குப் பாம்படம் போட்டுத் தோளில் இடித்த காதுகள் ஞாபகம் வந்தன. நம் தெற்குச் சீமையில் காதை வடித்து வளர்ப்பது ஒரு தலைமுறைக்கு அழகு. அடுத்த தலைமுறைக்கு வெட்கம். வளர்த்த காதை அறுத்துத் தைத்துக் குட்டைக் காதாக்கிக் கம்மல் போட்டுக்கொண்டார்கள். அவர்களைப் பார்த்து யாரும் பத்திரிகையில் சிரிக்கவில்லை.

சிலிகோன் பை உலகமெங்கும் பரவியது. பிறகு வழக்குகள் வந்தன. பை கிழிந்தது, கூழ் கசிந்தது, மூட்டு வலிக்கிறது என்று ஆயிரக்கணக்கான ஸ்திரீகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1992-இல் அமெரிக்க சர்க்கார் சாதாரண உபயோகத்துக்குத் தடை போட்டது. 1995-இல் டவ் கார்னிங் கம்பெனி திவால் மனுக் கொடுத்தது. 1999-இல் நிபுணர் குழு ஒன்று, பை இருக்கும் இடத்தில் தொந்தரவுகள் நிஜம், உடம்பு முழுவதும் நோய் வருகிறது என்பதற்கு அத்தாட்சி இல்லை என்றது. 2006-இல் தடை நீங்கிற்று. அதோடு முடிந்ததா? பிரான்சில் பி.ஐ.பி. என்ற கம்பெனி மனித உடம்புக்கு ஆகாத, தொழிற்சாலைச் சிலிகோனை நிரப்பி விற்றது 2010-இல் வெளியாயிற்று. பல தேசங்களில் சுமார் 3 லட்சம் பேர் உடம்பில் அது இருந்தது. முதலாளிக்கு 2013-இல் 4 வருஷம் ஜெயில். 2019-இல், சொரசொரப்பான மேல்பரப்புள்ள ஒரு வகைப் பையைச் சுற்றி அபூர்வமாக ஒரு புற்றுநோய் வருகிறது என்று தெரிந்து, அல்லர்கன் கம்பெனி அதை உலகம் முழுவதிலிருந்தும் திரும்ப வாங்கிக்கொண்டது.

இவ்வளவையும் நான் தேடிப் படித்தது சும்மா அல்ல. மூக்கண்டப்பள்ளிப் பெண்ணுக்கு நாற்பத்திரண்டு வயது. ஒரு கம்பெனியில் சின்னஞ்சிறு பாகங்களைச் சரிபார்க்கும் வேலை. மூன்று வருஷத்துக்கு முன் இடது மார்பை எடுத்துக் கதிர் வைத்தியமும் செய்தார்கள். அன்று முதல் ரவிக்கைக்குள் பஞ்சைச் சுருட்டி வைத்துத் தைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். குனிந்து நிமிரும்போது பஞ்சு மேலே ஏறிவிடும். இழுத்துவிட யாரும் பார்க்காத இடம் வேண்டும்.

"பெரியம்மா, அறுத்ததுகூட எனக்குப் பெரிசாத் தெரியலை. ஒரு நாளைக்கு இருபது தடவை பாத்ரூம் போறேன்னு சூப்பர்வைசர் கேட்டாரே, அதுதான்" என்றாள்.

பெங்களூரில் ஒரு கிளினிக்குக்குப் போய் வந்திருந்தாள். பெயர் வேண்டாம். ஆல்பத்தைக் காட்டி, காலையில் வந்தால் சாயங்காலம் போகலாம், ஆயுசுக்கும் கவலையில்லை என்றார்களாம். அந்த இரண்டாவது வாக்கியம் பொய். எந்தப் பையும் ஆயுசுக்கு வராது. பத்து வருஷமோ பதினைந்து வருஷமோ, சிலருக்கு அதற்கு முன்னாலேயே, கிழியலாம், நகரலாம். மறுபடி கத்தி வைக்க நேரலாம். அந்நிய வஸ்து உள்ளே வந்ததும் உடம்பு அதைச் சுற்றி ஒரு உறை கட்டிக்கொள்ளும், எல்லோருக்கும் கட்டும். சிலருக்கு அந்த உறை இறுகி, மார்பு கல்லாகி வலிக்கும். கதிர் வைத்தியம் நடந்த இடத்தில் இது அதிகம். கூழ் உள்ளுக்குள்ளேயே கசிந்தால் வெளியே தெரியாது. அதனால் ஐந்தாறு வருஷம் ஆனதும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, பிறகு இரண்டு மூன்று வருஷத்துக்கொரு தடவை பார்க்கச் சொல்கிறார்கள். அதன் செலவை ஆல்பத்தில் போடுவதில்லை.

நோய் ஒன்றும் இல்லாமல், இருப்பதைப் பெரிதாக்கிக்கொள்ள மட்டும் போகிறவளுக்குக் காரியம் இதைவிட லேசு. முழு மயக்கத்தில் ஒன்றிரண்டு மணி நேரம். மார்புக்கு அடி மடிப்பிலோ, காம்பைச் சுற்றியோ, அக்குளிலோ கீறி, சதைக்கு அடியிலோ தசைக்கு அடியிலோ பையை வைப்பார்கள். தசைக்கு அடியில் என்றால் முதல் சில நாள் நெஞ்சில் பாறாங்கல் வைத்தாற்போல் இருக்கும். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஒரு வாரத்தில் போகலாம். குடம் தூக்க, குழந்தை தூக்க ஒரு மாதமாவது ஆகும். வீக்கம் வடிந்து உருவம் நிலைக்கச் சில மாதம், வடு மங்க ஒரு வருஷம். காம்பில் உணர்ச்சி குறையலாம், அல்லது மிகையாகலாம். பின்னால் குழந்தை பெற்றால் பால் குறையவும் கூடும். மாமோகிராம் எடுக்கும்போது பை இருப்பதை முன்னாலேயே சொல்ல வேண்டும். கூடுதலாகப் படம் எடுப்பார்கள். இவ்வளவையும் கேட்டபின் ஒருத்தி வேண்டும் என்றால், அது அவள் உடம்பு.

என் பெண்ணின் காரியம் வேறு. சென்னையில் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அங்கே இருந்த லேடி டாக்டர் ஆல்பம் எதுவும் காட்டவில்லை. ஒரு காகிதத்தில் பென்சிலால் படம் போட்டாள். வயிற்றுச் சதையைத் தசையின் காம்போடு திருப்பி மேலே கொண்டுவந்து மார்பு செய்யலாம். அமெரிக்காவில் ஹார்ட்ராம்ப் 1982-இல் எழுதிய முறை. அல்லது முதுகுத் தசையைத் தோலோடு அக்குள் வழியாக முன்னால் கொண்டுவரலாம். இத்தாலியில் தான்சினி 1906-லேயே எழுதியது. இரண்டிலும் ரத்தக் குழாய் அறாமல் இருக்க வேண்டும் என்று டாக்டர் அம்பு போட்டுக் காட்டினாள். எனக்குப் பூனாவுக்குப் பக்கத்துச் செங்கல் சூளைதான் கண்முன் வந்தது. நெற்றிக்குப் பதில் முதுகு. மற்றபடி அதே காம்பு.

"வயித்துல சதை இருந்தாத்தானே, டாக்டரம்மா?" என்று கேட்டாள் என் பெண். ஷிப்டு வேலை பார்த்து மெலிந்த உடம்பு. ஆகவே முதுகுத் தசை, அதற்கு அடியில் சிறிய வழவழப்பான பை ஒன்று என்று தீர்மானமாயிற்று.

நாலு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நீர் வடியும் குழாய்கள் பத்து நாள் தொங்கின. முதுகில் குறுக்கே ஒரு நீளத் தழும்பு. இடது கை தோளுக்கு மேலே எழும்ப ஆறு வாரம் பிடித்தது. தலை வாரிவிட அவள் மகளுக்குப் பள்ளிக்கூடம் போகும் முன் ஒரு வேலை கூடிற்று. புது மார்பில் தொடுவது தெரியவில்லை, சூடு தெரியவில்லை, அதனால் வெந்நீர் ஒற்றடம் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் எச்சரித்திருந்தாள். வலது பக்கத்தோடு அச்சாக ஒத்திருக்கிறதா என்றால், இல்லை. ரவிக்கை போட்டால் வித்தியாசம் தெரியாது. இரண்டு மாதத்தில் வேலைக்குத் திரும்பினாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு சிறு அட்டை கொடுத்தார்கள். பை செய்த கம்பெனி, அளவு, வரிசை எண், எந்தப் பக்கம், என்ன தேதி எல்லாம் அதில் இருக்கும். பிரெஞ்சுக் கம்பெனியின் மோசடி வெளியானபோது, தங்கள் உடம்புக்குள் இருப்பது எந்தக் கம்பெனிச் சரக்கு என்றே தெரியாமல் எத்தனையோ பேர் தவித்தார்கள். அதைச் சொல்லி அவளிடம் அட்டையைக் கொடுத்தேன். பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டுக்கும் மகளுடைய பிறப்புச் சர்டிபிகேட்டுக்கும் நடுவே தகரப் பெட்டியில் வைத்திருக்கிறாள்.